தண்டு அப்படியே இருக்கட்டும்

கிதினியாவில் டிராலி பஸ் ஓட்டினேன்.
திருப்பத்தில் சில நேரம்
கூரைக் கம்பு மின்கம்பியை விட்டு நழுவும்.
விளக்கு அணையும். மோட்டார் வாயடைக்கும்.
நாற்பது பேர் என் முதுகையே பார்ப்பார்கள்.
இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து
முகத்தில் பனிமழை அறைய, அண்ணாந்து
கம்பைக் கம்பியில் கோக்க வேண்டும்.
ஊசியில் நூல் கோக்கிற வேலைதான்.
ஊசி மட்டும் ஐந்து மீட்டர் உயரத்தில்.

இருபத்தாறு வருஷம் கோத்த வலது தோள்
தேய்ந்து போனது.
கை எலும்புக்குள் ஒரு தண்டு இறக்கி
அதன்மேல் உலோகத் தலை வைத்தார்கள்,
எதிரே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்.
எட்டு வருஷம் சொன்ன பேச்சைக் கேட்டது.

பிறகு ஒரு பிப்ரவரிக் காலை,
காபி டப்பாவை எடுக்கப் போன கை
மார்பு உயரத்தில் நின்றுவிட்டது.
வலியைக்கூடப் பொறுத்திருப்பேன்.
போ என்றால் போகாத கையை
என்ன செய்வது?
நாற்காலி போட்டு ஏறி, இடது கையால் எடுத்தேன்.
அன்று காபி ருசிக்கவில்லை.

டாக்டர் ஹின்ட்ஸ் படத்தைக் காட்டினார்.
தலை தன் இடத்தை விட்டு
மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.
"தலைமேல் குற்றமில்லை, திருமதி வென்ட்டா.
இழுத்துப் பிடித்திருந்த தசைநார்கள் கந்தலாகிவிட்டன."

எனக்குப் பக்கத்துத் தெரு ஹலீனாவின் ஞாபகம்.
அவளுடைய பழைய தண்டைச் சிமென்டோடு பிடுங்க
எலும்பை விறகுபோல் நெடுக்காகப் பிளந்து
மறுபடி கம்பி சுற்றிக் கட்டினார்கள்.
"என்னையும் பிளப்பீர்களா?"

"உங்களுடையது மாற்றிக்கொள்ளும் ரகம்.
தண்டு அப்படியே இருக்கட்டும்.
பந்து இருந்த இடத்தில் கிண்ணம்,
கிண்ணம் இருந்த இடத்தில் பந்து."

"தலைகீழாகவா?"

"தலைகீழாகத்தான்.
தோளைப் போர்த்திய பெரிய தசை இன்னும் நன்றாக இருக்கிறது.
இனி அதுதான் தூக்கும்."

எங்கள் பணிமனையில்
பழைய டீசல் பஸ்களின் எஞ்சினை இறக்கிவிட்டு
மோட்டார் பொருத்தி, கூரையில் கம்பு நட்டு
தெருவுக்கு அனுப்புவார்கள்.
அப்படி ஒன்றை மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன்.
சட்டகம் அதேதான். மூன்றாவது சீட்டு முதுகில்
யாரோ ஆணியால் கீறிய 'மார்ட்டா' அதேதான்.
மழை நாளில் மட்டும் லேசாக டீசல் வாடை வரும்.
படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

கழுத்தில் ஊசி. கை யாருடையதோ ஆனது.
அரைத் தூக்கத்தில் திரைக்கு அப்பால்
தட் தட் என்று சுத்தியல்.
"தலை வந்துவிட்டது" என்றாள் நர்ஸ் ஷானெத்தா,
பிரசவ அறையில் சொல்வதுபோல.
அதன்பின் ஒருவரும் பேசவில்லை.
தண்டு ஆடினால் கதை வேறு.
துணி மூடிய தட்டில் ரம்பம் காத்திருப்பது
எனக்குத் தெரியும், கேட்டு வைத்திருந்தேன்.
அவர் தட்டினார். திருகிப் பார்த்தார்.
இன்னொரு முறை திருகினார்.
"அசையவில்லை."
எட்டு வருஷத்தில் என் எலும்பு
அந்த இரும்பைத் தன்னுடையது என்றே நம்பிவிட்டிருந்தது.

கழற்றிய தலையைக் கேட்டேன்.
விதியில் இடமில்லையாம்.

ஆறு வாரம் தூளிக்குள் கை.
பிறகு யொவீத்தா வந்து
விரல்களைச் சுவரில் எறும்புபோல் ஏறவிட்டாள்.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
ஏப்ரலில் சுவிட்சைத் தாண்டினேன்.
மே கடைசியில் காலண்டரின் ஆணி.
காபி டப்பா ஜூன் பதினொன்றில்.
நாற்காலி இல்லாமல்.
எடுத்துவிட்டு, திரும்ப வைத்து, திரும்ப எடுத்தேன்.

பின்பக்கம் மட்டும் போவதில்லை.
டாக்டர் முன்பே சொன்னதுதான்.
முதுகுக் கொக்கியை லெஷெக் மாட்டிவிடுகிறார்,
தினமும் ஒரு கொக்கி தள்ளி.
"இடப்பக்கம்" என்கிறேன்.
"எவனுக்கு இடப்பக்கம்?" என்கிறார்,
கண்ணாடியைத் தேடிக்கொண்டே.
கீழே தெருவில் பத்தொன்பதரை வண்டி
திருப்பத்தில் நின்றுவிட்டது.
கேட்கிறது, கயிறு உரசும் சத்தம்.